லோகாம்பாள் பிடுங்கிய கொம்பு

லோகாம்பாளின் முன்பற்கள் தேய்ந்து பாதியாகிவிட்டவை. வெற்றிலையால் தேய்ந்தவை அல்ல. வயதால் தேய்ந்தவையும் அல்ல. அவளுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் எல்லாருக்கும் பல் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவுத் தண்ணீர் வருகிற மாதிரி குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த குறுகலான கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது அதை யார் பிடித்துக்கொள்வது? பல்தான் பிடித்துக்கொள்ளும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவன் இந்த ஏரிப் பக்கம் வந்திருக்க மாட்டான். இங்கே பிழைக்க வேண்டுமானால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பறி தண்ணீரில் போகும், காலையிலிருந்து பிடித்ததெல்லாம் அதோடு போகும். அதனாலோ என்னவோ, கரையேறிய பிறகும் லோகாம்பாள் அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரிக்கரையிலேயே போனால் ஓடைமேடு என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கேதான் பிறந்தாள், அங்கேயே கருப்பனுக்குக் கழுத்தை நீட்டினாள். கருப்பன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் சுதா பால்குடி மறக்காத குழந்தை. அழுவதற்குக்கூட லோகாம்பாளுக்கு நாள் கிடைக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு பறியைக் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

ஏரி என்றால் எல்லாருக்கும் பொதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. மீன் படுகிற இடங்களையெல்லாம் வலை வைத்திருக்கிற குப்பங்கள் காலங்காலமாகப் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். ஓடைமேட்டுக்காரர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இருந்ததில்லை. ஏன் இல்லை என்று கேட்டால், எப்போதும் இருந்ததில்லை என்பதுதான் பதில். சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்கிற பதில் அது. கையால் பிடிக்கிற பெண்கள் எங்கே குந்தினாலும் படகுக்காரர்கள் வந்து துரத்துவார்கள். பறியைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சுதா நடை பழகிக்கொண்டிருந்த வருஷம், லோகாம்பாளும் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளும் இன்னும் சில பெண்களும் ஒருநாள் விடியலில் போய், ஓடை ஏரியில் கலக்கிற மேட்டுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வலை போட வேண்டிய படகுகள் வந்தன. பெண்கள் அசையவில்லை. படகுக்காரர்கள் ஏசினார்கள், துடுப்பால் தண்ணீரை அடித்து முகத்தில் தெறிக்கவிட்டார்கள். பெண்கள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை; எல்லார் வாயிலும் பறி இருந்தது. மறுநாளும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் மேல் படகை ஏற்றவா முடியும்? கடைசியில் குப்பத்துப் பஞ்சாயத்து கூடி, தொல்லை விட்டால் போதும் என்று அந்த மேட்டுத் தண்ணீரைக் கைக்காரிகளுக்கு ஒதுக்கியது.

ஒதுக்கும்போது ஏரிக்கு உண்டான முறையையும் சொன்னார்கள். இடத்துக்கு அடையாளமாக ஒரு தலைக்கொம்பு ஊன்ற வேண்டும். கொம்பு நிற்கிற வரைக்கும் இடம் ஊன்றினவருடையது. காற்றில் சாய்ந்தால் மறுபடி நட்டுக்கொள்ளலாம், திருடன் பிடுங்கினாலும் நட்டுக்கொள்ளலாம். ஆனால் உரியவரே ஊர்ப் பெரியவர் பார்க்கத் தன் கையால் பிடுங்கினால், இடத்தை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் நட முடியாது. வாய்ப்பேச்சை நம்பினால் நாளைக்கு மாற்றிப் பேசுவான் என்று, அந்தக் காலத்திலேயே கையைச் சாட்சியாக வைத்துவிட்டார்கள். பொன்னியம்மாள் சவுக்குத் தோப்பில் தேடி, நேராக, உயரமாக ஒரு கொம்பு வெட்டிக் கொண்டுவந்தாள். லோகாம்பாள் ஊன்றினாள். அதைச் சுற்றிச் சின்னக் கொம்புகளை நட்டு, வேலிக்காத்தான் முள்ளை வெட்டிச் செத்தையாகப் போட்டார்கள். செத்தைக்குள் இறால் வந்து ஒண்டும். அந்தச் செத்தைதான் அந்தப் பெண்களுக்குச் சோறு போட்டது. சுதாவை ஆறாம் வகுப்பிலிருந்து பொன்னேரி விடுதியில் வைத்துப் படிக்க வைத்ததும் அதுதான்.

சுதா நன்றாகப் படித்தாள். சென்னையில் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு கிடைத்தது. லீவில் வந்தால் ஏரிப்பக்கம் அதிகம் போகமாட்டாள். லோகாம்பாளும் கூப்பிட்டதில்லை. இந்தச் சேறு என்னோடு போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

சித்திரை பிறக்கிற சமயம் சுதா போன் செய்தாள்.

"அம்மா, அம்பேத்கர் பொறந்த நாளுக்கு எங்க யுனிவர்சிட்டில ஒரு ஏற்பாடும்மா. உரிமைக்காகப் போராடினவங்க பேர்ல ஊர் ஊராப் போயி வேலை செய்யறோம். எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு நம்ம ஏரிக்கரைதான் குடுத்துக்கீறாங்க."

"வரட்டும். நான் இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்." சுதா குரலைத் தாழ்த்தினாள். "வாசல்ல அந்தப் பறி தொங்குதே. அத்த மட்டும் உள்ள எடுத்து வச்சுடும்மா."

"ஏன்?"

"நம்ம வீட்ல மீன் வியாபாரம்னு சொல்லிக்கீறேன்."

லோகாம்பாள் சரி என்றாள். போனை வைத்துவிட்டுப் பறியை எடுத்துப் பரண்மேல் சாக்கு மூட்டைக்குப் பின்னால் செருகினாள். வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் கோபம் வரவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். சுதாவின் மனம் கல் இல்லை. பதினோரு வயதில் விடுதிக்குப் போன பிள்ளை, யார் எங்கே எப்படிச் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பயந்து வளர்ந்த மனம்.

அம்பேத்கர் பிறந்த நாளன்று காலை இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன். கரையில் ஷாமியானா போட்டு, பெரிய பேனர் கட்டினார்கள். கோட்டும் கண்ணாடியுமாக அம்பேத்கர், பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங். அம்பேத்கரை லோகாம்பாளுக்குத் தெரியும். ஓடைமேட்டில் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற முகம். மற்றவர் யாரென்று தெரியவில்லை. நம்மைப் போலக் கறுப்பாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் ஹரிஹரன் நல்ல மனிதர். மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம்தான் பேசினார். பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்கக்கூட உரிமை இல்லாத காலத்தில், அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்த கதையைச் சொன்னார். தண்ணீர் எல்லாருக்கும் சொந்தம் என்றார். கூட்டம் கைதட்டியது. லோகாம்பாளும் தட்டினாள். அந்தக் கதை அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அங்கே இருந்தவர்களில் அவளைவிட அதிகமாக யாருக்கும் புரிந்திருக்காது.

பக்கத்தில் நாற்காலியில் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் சகாதேவன், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவரையும் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓடைமேட்டுக் கைக்காரிகளில் அன்று ஊரில் இருந்தது லோகாம்பாள் மட்டும். பொன்னியம்மாளும் மற்றவர்களும் திருப்பாலைவனம் பக்கம் நெல் அறுப்புக்குப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இருந்திருந்தாலும் கதை வேறு.

பிள்ளைகள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. இளரத்தம், வேலை போதவில்லை. ஹரிஹரன் கண்ணுக்கு மேல் கைவைத்து ஏரியைப் பார்த்தார். கோடையில் தண்ணீர் வற்றி, செத்தை முழுக்க வெளியே தெரிந்தது. முள்ளில் பாலிதீன் பைகள் சிக்கி ஆடிக்கொண்டிருந்தன. பார்த்தால் குப்பை மேடு மாதிரிதான் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

"இதையும் எடுத்துடலாமா? யாருதாவதா இருக்கப் போகுது. கேட்டுட்டுத்தான் எடுக்கணும்," என்றார் ஹரிஹரன். கேட்டார் பாருங்கள், அங்கேதான் விதி நின்றது. கேட்காமல் எடுத்திருந்தால் மறுநாள் நட்டுக்கொண்டிருக்கலாம். அவர் மரியாதை தெரிந்தவர். நேராக லோகாம்பாளிடம் வந்தார். "அம்மா, இது யாருடையது? எடுக்கலாங்களா?"

லோகாம்பாள் சுதாவைப் பார்த்தாள். சுதா அஃப்ஸானா என்கிற தோழியோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் பார்வை பட்டதும் சுதாவின் முகம் வெளிறியது. குனிந்து கையுறையைச் சரிசெய்வது போல நின்றாள். என்னுடையது என்று லோகாம்பாள் சொன்னால், இது எதற்கு என்று கேட்பார்கள். இறால் பிடிக்க என்றால், எப்படிப் பிடிப்பீர்கள் என்பார்கள். செய்து காட்டுங்கள் என்பார்கள். அத்தனை பேர் போனும் அவள் வாயைப் பார்த்து நீளும்.

"குப்பைதான் சார்," என்றாள் லோகாம்பாள். "எடுத்துக்கோங்க."

அவளை ஒன்றும் அறியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இதற்கு முன்னாலும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கரையைச் சுத்தம் பண்ண வந்தவர்கள், செடி நட வந்தவர்கள், சுனாமி சமயத்தில் வந்தவர்கள். எல்லாரும் துடைப்பத்தைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான். இவர்களும் இரண்டு முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

"இந்த ஊர்ப் பெரியம்மா நீங்கதான். நீங்களே தொடங்கி வைங்க," என்று ஹரிஹரன் சொல்ல, அஃப்ஸானா ஓடிவந்து அவள் தோளில் பொன்னாடை போர்த்தினாள். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தொடங்கி வைக்க அவர்கள் காட்டியது உயரமாகத் தெரிந்த தலைக்கொம்பு.

லோகாம்பாள் முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். கரையில் சகாதேவன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னா லோகாம்பா, நீயேவா புடுங்கற?"

முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி அது. அவளுக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால் பொன்னாடையும் கைதட்டலுமாக இருக்கிற இடத்தில் முறையாவது ஒன்றாவது, அவர் சும்மா சீண்டுகிறார் என்று நினைத்தாள். பல் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு சிரித்துத் தலையை ஆட்டினாள். கொம்பை இரண்டு கையாலும் பற்றி அசைத்து இழுத்தாள். இத்தனை வருஷம் சேற்றில் இறுகிப்போனது, சுலபத்தில் வரவில்லை. வந்ததும் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். தூக்கிக் காட்டினாள். போட்டோ எடுத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவள் கணக்கில் இல்லாதது. அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே வேலை செய்தார்கள். முள் கிழித்து ரத்தம் வர வர, வெயிலில் கறுக்கக் கறுக்க, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஒரு செத்தை விடாமல் இழுத்தார்கள். சின்னக் கொம்புகளையெல்லாம் கட்டாகக் கட்டினார்கள். டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போனது. சாப்பாட்டுக்குக்கூட நேரத்தில் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஓடைமேட்டுக்கு வந்தவர்களில் சொன்ன வேலையை முழுசாகச் செய்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான். லோகாம்பாள் பொன்னாடையோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுதா ஒருமுறை பக்கத்தில் வந்து, "அம்மா, திரும்ப நட்டுக்கலாம் இல்ல?" என்று கிசுகிசுத்தாள். "நட்டுக்கலாம், நீ போ," என்றாள் அம்மா.

அறுப்பு முடிந்து வந்த பொன்னியம்மாளுக்கு விஷயம் பஸ்ஸிலேயே எட்டிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஏரிக்குத்தான் போனாள். அவர்கள் இடத்தில் குப்பத்து வலை கட்டியிருந்தது. மீன்பாடு குறைந்துபோன காலம், அந்த மேட்டுத் தண்ணீர் மேல் குப்பத்து இளைஞர்களுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. காத்திருந்த கொக்குக்கு மீன் தானாக வந்து வாயில் விழுந்தது.

பொன்னியம்மாள் லோகாம்பாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். "போட்டோவுக்குத்தான்டி…" என்று ஆரம்பித்தாள் லோகாம்பாள்.

"எந்தக் கையால புடுங்கின?" என்றாள் பொன்னியம்மாள். "ரெண்டு கையாலயுமா?"

பொன்னியம்மாள் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லோகாம்பாளுக்கு. அடிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

பஞ்சாயத்து ஞாயிற்றுக்கிழமை கூடியது. செய்தி கேட்டு சுதா ஓடிவந்தாள். ஹரிஹரனும் அஃப்ஸானாவும் கூடவே வந்தார்கள். ஹரிஹரன் கைகூப்பி, தவறு எங்களுடையது என்றார். ஏரி அரசாங்கத்தினுடையது, கலெக்டரிடம் போகலாம் என்றும் சொன்னார். ஓரத்தில் பெண்களோடு நின்ற பொன்னியம்மாள், "கலெக்டரா வந்து தெனம் தண்ணில குந்தப் போறாரு?" என்றாள்.

சகாதேவன் கெட்டவர் இல்லை. அவருக்கும் இதில் மனசில்லை என்பது குரலில் தெரிந்தது. "லோகாம்பா, நான் கேட்டேன். நீ தலையாட்டின. ஊரு பாத்துச்சு. இருந்தாலும் ஒண்ணு சொல்லு. உன் எடம்னு தெரிஞ்சும் எதுக்குக் குப்பைன்னு சொன்ன? அந்தப் பசங்க மெரட்டினாங்களா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, முறைக்கு வழி இருக்கு."

கூட்டம் அவளையே பார்த்தது. பொன்னியம்மாளும் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஆனால் பிள்ளைகள் மிரட்டவில்லை; போர்த்தினார்கள், கைதட்டினார்கள். அவர்கள் மேல் பழி போட்டால் அது சுதாவின் மேல்தான் போய் விழும். உண்மையைச் சொல்லலாம் என்றால், சுதாவுக்கு இரண்டடி தள்ளி அவள் சாரும் அவள் தோழியும் நிற்கிறார்கள்.

"தெரியாம சொல்லிட்டேன்," என்றாள் லோகாம்பாள்.

"தெரியாமயா? நட்டவளே நீதான?" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

அப்போதுதான் சுதா பேசினாள். "அது எங்கம்மா இடம். எங்கம்மா வாயில பறிய கவ்விக்கினு எறா புடிக்கறவங்க. அத்த என் ஃபிரண்ட்ஸ்ங்க பாக்கக் கூடாதுன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதுக்காகத்தான் அவங்க குப்பைன்னு சொன்னாங்க." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அஃப்ஸானா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எந்த வார்த்தை வெளியே வரக் கூடாது என்று லோகாம்பாள் ஏரியையே கொடுத்தாளோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. மகளே அதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டாள். சரி, அதற்கு ஈடாக இடமாவது திரும்புமா என்று சகாதேவனைப் பார்த்தாள்.

அவர் துண்டின் நுனியைத் திருகினார். "அம்மாடி, நீ சொன்னது நெஜம்தான். ஆனா நீ சொன்னதுல மெரட்டலு இல்ல. அவ மனசாரப் புடுங்கிக்கீறா. உனக்காக மனசாரப் புடுங்கிக்கீறா. முறையில அதுக்கு வழி இல்லயே." தும்பை விட்டு வாலைப் பிடித்தால் மாடு நிற்குமா? கூட்டம் கலைந்தது.

இப்போது லோகாம்பாள் பழவேற்காட்டு மார்க்கெட்டில் அடுத்தவர் பிடித்த இறாலுக்குத் தோல் உரிக்கிறாள். மற்ற பெண்கள் வெகுதூரம் நடந்து, யாருக்கும் வேண்டாத ஆழச் சேற்றில் துழாவுகிறார்கள். பாதிநாள் பறி காலியாகத்தான் திரும்புகிறது. அவளை யாரும் ஏசவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். சுதா வாரம் தவறாமல் வருகிறாள். பரணிலிருந்து பறியை எடுத்து வாசலில் மாட்டியவள் அவள்தான். அதற்கு இப்போது வேலை இல்லை.

ஆடி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். பொன்னாடையும் மூடிய சிரிப்புமாக லோகாம்பாள் கொம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், பின்னால் பேனரில் இரண்டு தலைவர்கள். வேறு இடமில்லாமல் கருப்பன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்தாள்.

அன்று சாயங்காலம் மழை தூறியது. காயவைத்த விறகை உள்ளே எடுத்துப் போடச் சொல்லிப் பொன்னியம்மாளின் குரல் கேட்டது. சித்திரைக்குப் பிறகு இப்போதுதான் அந்தக் குரல். லோகாம்பாள் எழுந்திருப்பதற்குள் அவளே விறகை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்து மூலையில் போட்டாள். நிமிர்ந்தபோது கண்ணில் படம் பட்டது. கிட்டே போய் நின்று பார்த்தாள்.

"உக்காரேன். டீ போடறேன்," என்றாள் லோகாம்பாள்.

பொன்னியம்மாள் கண்ணாடிமேல் விரலை வைத்துக் கொம்பை அடியிலிருந்து நுனிவரை தடவினாள். "நான் வெட்டியாந்தது இது," என்றாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.